அண்டாக்கள் கவிழ்ந்திருந்த ஆகஸ்ட்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் திண்டுக்கல் முத்தழகுபட்டிக்கு வேறு வேலை இருக்காது. புனித செபஸ்தியார் திருவிழா. நேர்ந்துகொண்டவர்கள் ஆட்டைக் கயிற்றில் இழுத்து வருவார்கள். கோழியைக் கால்கட்டித் தூக்கி வருவார்கள். அரிசி மூட்டை, காய்கறிக் கூடை, மிளகாய், எண்ணெய் என்று அவரவர் சக்திக்கு ஏற்றது கோயில் வாசலில் வந்து இறங்கும். எல்லாம் ஒன்றாகக் கலந்து விடிய விடிய அண்டாக்களில் வேகும். வந்தவர் யார், எந்தச் சாதி, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. அசனத்துக்கு உட்கார்ந்தவர் எல்லாரும் செபஸ்தியாரின் விருந்தாளிதான்.

2020 ஆகஸ்டில் அந்த அண்டாக்கள் கவிழ்ந்தே கிடந்தன. கொரோனாவால் தமிழ்நாடு முழுக்கத் திருவிழாக் கூட்டங்களுக்குத் தடை. மாநகராட்சி எல்லைக்குள் பெரிய வழிபாட்டுத் தலங்கள் செப்டம்பர் 1 வரை பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. அந்த வாரம் அந்தப் பக்கமாகப் போனபோது, ஓர் அம்மா தெருவோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, மூடிய கோயிலைப் பார்த்து முழங்காலிட்டிருந்தார். முகக்கவசத்துக்குள் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் நகர முடியவில்லை.

செபஸ்தியார் யார் என்பதை நினைத்தால் அந்தக் காட்சி இன்னும் கனக்கும். உரோமைப் படைவீரர். நம்பிக்கைக்காக மரத்தில் கட்டி அம்பெய்யப்பட்டவர். கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து பாய்ந்து ஆளைச் சாய்க்கும் அம்பைப் போலத்தான் கொள்ளைநோயும் என்று பழைய கிறிஸ்தவர்கள் எண்ணினார்கள். 7-ஆம் நூற்றாண்டில் உரோமையில் கொள்ளைநோய் பரவியபோது அவரை வேண்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவர் கொள்ளைநோய்க்கான காவலர். நோய் ஊருக்குள் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளப்பட்ட ஒருவரின் வாசலில், நோய் வந்த ஆண்டில் நாலு பேர் சேர்ந்து நிற்க முடியவில்லை.

சொந்த ஊரில், சொந்தத் தெருவில் நிற்கும் நமக்கே இப்படி என்றால், நம்பிக்கையின் பேரில் கடல் தாண்டிப் போய், மொழி புரியாத ஊரில் கதவடைக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? எதைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்? திண்டுக்கல் மண்ணில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் இரண்டு திசையிலிருந்தும் வருகிறது. ஒன்று, இங்கிருந்து போனவர்களின் கதை. மற்றொன்று, இங்கே வந்தவர்களின் கதை. இரண்டாவது கதை நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முந்தையது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் கதை புரியாது.

ஞானப்பிரகாசியாரின் ஊர்

திண்டுக்கல்லில் இயேசு சபையினருக்கு பெஸ்கியின் பெயரில் ஓர் இல்லம் இருக்கிறது. சபையில் சேரும் இளைஞர்கள் முதல் பயிற்சி பெறும் நவதுறவகம் அது. பெஸ்கி என்றால் பலருக்குச் சட்டென்று பிடிபடாது. வீரமாமுனிவர் என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். தேம்பாவணி பாடியவர். சதுரகராதி தொகுத்தவர். 1710-ல் இந்தியா வந்தவர் 1747-ல் இறக்கும்வரை இத்தாலிக்குத் திரும்பவே இல்லை.

அவர் பிறந்த ஊர் வட இத்தாலியில் காஸ்திலியோனே. அதே ஊரில்தான் அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பு அலோசியுஸ் கொன்சாகா என்ற பிரபு வீட்டுப் பிள்ளை பிறந்தார். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரை ஞானப்பிரகாசியார் என்பார்கள். நம் ஊர்களில் ஞானப்பிரகாசம் என்று பேர் வைத்துக்கொண்டிருக்கும் தாத்தாக்கள் எல்லாம் அவர் பெயரைச் சுமப்பவர்கள்தான். தனக்கு வர வேண்டிய பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இயேசு சபையில் சேர்ந்தார். 1591-ல் உரோமையில் கொள்ளைநோய் வந்தபோது மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைக் கவனித்தார், தூக்கிச் சுமந்தார். தொற்றிக்கொண்டது. இறந்தபோது வயது 23.

நவதுறவகத்தில் இருக்கும் பையன்களின் வயதும் ஏறக்குறைய அதுதான். ஞானப்பிரகாசியாரின் கதையைக் கேட்டுத்தான் அவர்கள் சபைக்குள் வளர்கிறார்கள். தொற்றுநோய் என்பது அவர்களுடைய மரபுக்கு எங்கிருந்தோ வந்து விழுந்த இடி இல்லை. அது அவர்களின் பிள்ளைப்பருவக் கதை.

காஸ்திலியோனே இருப்பது லொம்பார்தி மாநிலத்தில். 2020 பிப்ரவரியில் ஐரோப்பாவிலேயே முதலில் கொரோனா கொத்துக்கொத்தாகப் பிடித்துக்கொண்ட மாநிலம் அதே லொம்பார்தி. மார்ச் 9 அன்று இத்தாலி முழுவதும் அடைபட்டது. பெர்கமோ நகரத்துச் சவப்பெட்டிகளை இராணுவ லாரிகள் வரிசையாக ஏற்றிக்கொண்டு போன படத்தை நாம் எல்லாரும் கைபேசியில் பார்த்தோம். அந்த ஒரு மறைமாவட்டத்தில் மட்டும் சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட குருக்கள் இறந்தார்கள். வீரமாமுனிவரை நமக்கு அனுப்பிய மண் அது. இன்று அதே இத்தாலிக்கு நம் பிள்ளைகள் போயிருக்கிறார்கள்.

திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் பஞ்சம்பட்டி, கொசவபட்டி, வக்கம்பட்டி என்று கத்தோலிக்கர்கள் நிறைந்த கிராமங்களில், வீட்டில் ஒருவரைச் சாமியாராகவோ கன்னியராகவோ அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். தமிழ்நாட்டுக் கன்னியர்கள் பலர் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்கிறார்கள். மறைபரப்புப் பணி என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குப் பிரசங்க மேடைதான் ஞாபகத்துக்கு வரும். இவர்கள் செய்வது அதுவல்ல. படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைப்பது, பாட்டிக்குச் சோறூட்டுவது, இரவில் யாராவது கூப்பிட்டால் எழுந்து போவது. 2020 வசந்தத்தில் அந்த முதியோர் இல்லங்களுக்குள் சொந்தப் பிள்ளைகளைக்கூட விடவில்லை. பெற்றவர் கண்மூடும்போது கையைப் பிடித்துக்கொள்ளப் பிள்ளைக்கு அனுமதி இல்லை. உள்ளே இருந்தவர்கள்தான் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தியாவில் மார்ச் 22-லேயே வெளிநாட்டு விமானங்கள் நின்றுவிட்டன. 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. வெளிநாட்டில் இருப்பவர்களை அழைத்துவரும் வந்தே பாரத் விமானங்கள் மே 7-ல்தான் தொடங்கின. இடையில் ஏறத்தாழ ஏழு வாரம். இங்கே அப்பா செத்தாலும் வர முடியாது. அங்கே பிள்ளை செத்தாலும் போக முடியாது. அந்த ஏழு வாரத்தை வாட்ஸ்அப் அழைப்பில்தான் கழித்தார்கள். சாப்பிட்டியா என்று இங்கிருந்து கேட்பார்கள். நீங்க வெளிய போகாதீங்க என்று அங்கிருந்து சொல்வார்கள். இரண்டு பக்கமும் கேட்க நினைத்தது வேறு. யாரும் கேட்கவில்லை.

திண்டுக்கல்லுக்கு வந்தவர்கள்

கைபேசி இல்லாத காலத்தில் இதே நிலை எப்படி இருந்தது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம்.

1834 ஜூலையில் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் வில்லியம் டாடும் ஹென்றி ஹாய்சிங்டனும் மதுரைக்கு வந்தார்கள். பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் அனுப்பியவர்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் திண்டுக்கல்லிலும் நிலையம் அமைத்தார்கள். அவர்களோடு யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகளில் படித்த தமிழர்களும் வந்தார்கள் என்பதை வரலாற்றை எழுதுகிறவர்கள் ஒரு வரியில் தாண்டிப்போவார்கள். எனக்கு அந்த ஒரு வரியில்தான் நிற்கத் தோன்றுகிறது. தாய்மொழி தமிழ்தான். ஆனாலும் கடல் கடந்து, உறவை விட்டு, தெரியாத ஊருக்கு வந்தவர்கள். அவர்களும் மிஷனரிகள்தான். சம்பளப் பட்டியலில் மட்டும் அவர்களுக்கு உதவியாளர் என்று பேர்.

அந்தக் காலத்தில் பாஸ்டனிலிருந்து கப்பல் இந்தியா வந்து சேர நாலு மாதம் ஆகும். கடிதம் போகவும் பதில் வரவும் நல்ல காலத்திலேயே எட்டு ஒன்பது மாதம். அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், அடுத்த மழைக்காலத்தில்தான் தெரியும். கேட்கும்போது அவர் ஏற்கனவே அடக்கமாகியிருக்கலாம்.

நோயோ எட்டு மாதம் காத்திருக்காது. காலையில் பேதி தொடங்கினால் மாலையில் குழி வெட்ட வேண்டியிருந்தது. காலரா தண்ணீரில் பரவுகிறது என்பதை இலண்டனில் ஜான் ஸ்நோ எடுத்துக்காட்டியதே 1854-ல்தான். அதற்கு முன் காற்று கெட்டுவிட்டது, வெக்கை, கெட்ட ஆவி என்று ஆளுக்கு ஒரு காரணம். அபினைக் கரைத்துக் கொடுப்பதும் வயிற்றில் பத்துப் போடுவதும்தான் வைத்தியம். திண்டுக்கல்லில் தொடக்க ஆண்டுகளில் பணியாற்றிய ராபர்ட் ட்வைட் 1844-ல் காலராவில் இறந்தார். கத்தோலிக்கர் பக்கமும் இதே கணக்குதான். 1838-ல் மதுரை மிஷனுக்கு மீண்டும் வந்த பிரெஞ்சு இயேசு சபையினர் நால்வர்: பெர்த்ரான், கார்னியே, மார்த்தேன், து ரான்கே. 1843 முடிவதற்குள் அவர்களில் மூவர் இல்லை. பெர்த்ரான் ஒருவர்தான் நாடு திரும்பி அந்த மிஷனின் வரலாற்றை எழுதினார்.

இந்த இடத்தில்தான் கொடைக்கானல் வருகிறது.

நாம் ஏரியும் படகும் பேரிக்காயுமாக நினைக்கும் கொடைக்கானல், ஒரு நகரமாகத் தொடங்கியது சுற்றுலாவுக்காக இல்லை; சாவுக்குப் பயந்து. சமவெளியில் ஆட்கள் விழுந்துகொண்டே இருந்ததால் அமெரிக்க மிஷனரிகள் முதலில் திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள். அங்கே மலைக்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. பிறகுதான் பழனி மலைமேல் ஏறினார்கள். சன்னி சைட், ஷெல்டன் என்று இரண்டு வீடுகள். 1845 ஜூனில் ஆறு குடும்பங்கள் குடியேறின. அதுதான் கொடைக்கானலின் பிறப்பு.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளையைப் புதைத்த கையோடு அடுத்த பிள்ளையைக் காப்பாற்ற மலையேறிய தாயை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னை விட்டுப் போவதில்லை. துரையும் துரைசானியும் கோடையில் மலையேறிய பிறகு, கீழே நிலையத்தை யார் பார்த்துக்கொண்டார்கள்? பள்ளிக்கூடத்தை யார் திறந்தார்கள்? பேதியில் விழுந்தவனுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? செத்தவனை யார் அடக்கம் செய்தார்கள்?

உபதேசியார்கள். பள்ளி வாத்தியார்கள். கத்தோலிக்கர் பக்கம் கோயில்பிள்ளைகள். அவர்களுக்கு மேலே வீடு கிடையாது. ஏறிப்போக மலை இல்லை. அறிக்கைகளில் எண்ணிக்கையாக வருவார்கள், பேராக அபூர்வமாகத்தான் வருவார்கள். வெளிநாட்டு ஊழியன் தன் நம்பிக்கையைக் காத்துக்கொண்டது பெரும்பாலும் இவர்கள் தோளில் கைபோட்டுத்தான். இதைச் சொல்லாமல் மிஷன் வரலாறு எழுதுவது பாதிக் கணக்கை மட்டும் எழுதுவது.

எட்வர்ட் செஸ்டரை நான் மதிப்பதும் இந்தக் காரணத்தால்தான். 1859-ல் அமெரிக்காவிலிருந்து வந்தவர். போதகர், மருத்துவர் இரண்டும். பல பத்தாண்டுகள் திண்டுக்கல்லிலேயே இருந்து மருந்தகம் நடத்தினார். 1876-லிருந்து 78 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போதும் இந்த ஊரில்தான் இருந்தார். பஞ்சத்தின் பின்னாலேயே காலராவும் காய்ச்சலும் வந்தன. பட்டினியில் மெலிந்த உடம்பு எதையும் தாங்கவில்லை. செஸ்டர் செய்த வேலைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று: உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்றுக்கொடுத்தார். தனக்குத் தெரிந்ததைத் தன் கையோடு முடிய விடவில்லை. 1902-ல் இறந்தார். அந்நிய மண்ணில் வேரூன்ற அவர் கண்ட வழி இது: தான் இல்லாமலும் நடக்கிற மாதிரி வேலையை அந்த மண்ணின் பிள்ளைகளிடம் கொடுப்பது.

அந்த வழி பின்னாலும் நின்றுவிடவில்லை. 1955-ல் கேரளத்திலிருந்து வந்த மருத்துவர் ஏ.கே. தரியன் ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினார். மலையாளிக்கு ஒட்டன்சத்திரம் வெளிநாடு இல்லைதான். ஆனால் ஒரு காய்கறிச் சந்தை ஊரின் ஏழைக் குடியானவனோடு வாழ்நாளைக் கழிக்க முடிவெடுப்பதற்கு, கடல் தாண்டும் அளவு துணிவு வேண்டும்.

சன்னலில் நின்ற மிலானும் காலியான சதுக்கமும்

2020 மார்ச் 27, வெள்ளிக்கிழமை. உரோமையில் மாலை ஆறு மணி. நமக்கு இரவு பத்தரை. எங்கள் வீட்டில் அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தார். கைபேசியை எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து வைத்திருந்தோம். மழை. இலட்சம் பேர் நிற்கும் புனித பேதுரு சதுக்கத்தில் ஒருவர்கூட இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் ஒற்றை ஆளாக நடந்துபோனார். ஒரு பழைய மரச்சிலுவை மழையில் நனைந்துகொண்டிருந்தது. 1522-ல் உரோமையில் கொள்ளைநோய் வந்தபோது தெருத்தெருவாகத் தூக்கிச் செல்லப்பட்ட புனித மார்செல்லோ கோயில் சிலுவை அது. அம்மா அழவில்லை. கைபேசியின் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எண்ணெய் தொட்டு ஒற்றிக்கொள்வதுபோல.

அப்போது பலருக்கும் ஒரு மனக்குறை இருந்தது. திரையில் பார்ப்பது பூசை ஆகுமா? நற்கருணை வாங்காமல் என்ன ஞாயிறு? அந்தக் குறை நியாயமானது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அப்பத்தைக் கையில் வாங்கி உண்பதைப் பார்வையால் ஈடுகட்ட முடியாது. ஆனால் இது முதல்முறையும் இல்லை. 1576-ல் மிலானில் கொள்ளைநோய் வந்து மக்களை வீட்டுக்குள் அடைத்தபோது, பேராயர் கார்லோ பொரோமேயோ தெருமுனைகளில் பீடம் போடச் சொன்னார். சன்னலில் நின்றபடியே மக்கள் பூசை கண்டார்கள். கோயில் மணி அடிக்கும் நேரத்தில் அவரவர் சன்னலிலிருந்து ஒருவருக்கொருவர் பதில் சொல்லிச் செபித்தார்கள். மிலானும் அதே லொம்பார்திதான். 444 ஆண்டு கழித்து அந்தச் சன்னல் ஆறு அங்குலக் கண்ணாடியாகத் திண்டுக்கல் வரை வந்து சேர்ந்தது.

அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 12. பங்குச் சாமியார் ஒருவர் மட்டும் பீடத்தில், எதிரே காலியான பெஞ்சுகள். பாஸ்கா மெழுகுதிரியை அவரே ஏற்றி, அவரே பிடித்துக்கொண்டார். அந்நியநாட்டில் தன்னந்தனியாகப் பூசை வைக்கும் குருவின் நிலை என்னவென்று, பிறந்த மாவட்டத்திலேயே இருக்கும் குருக்களுக்கும் அன்று கொஞ்சம் தெரிந்திருக்கும்.

மதுரைக் கிளையின் தீர்ப்பு

நம்பிக்கைக்காக நாடு கடந்தவர்கள் என்று கிறிஸ்தவர்களை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. அந்த ஊரடங்கில், தமிழ்நாட்டுக்குள்ளேயே, வெளிநாட்டு ஊழியர்கள் அடைபட்டிருந்தார்கள். அவர்கள் தப்லீக் ஜமாஅத் என்ற இஸ்லாமியப் பிரசார அமைப்பினர்.

மார்ச்சில் தில்லி நிஜாமுத்தீனில் நடந்த கூட்டத்துக்குப் போய்வந்தவர்களிடம் தொற்று கண்டறியப்பட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் தெரியவந்த முதல் தொற்றுகளில் பெரும்பாலானவை அங்கே போய்வந்தவர்களுடையது. நகரில் சில தெருக்களைத் தகரம் அடித்து மூடினார்கள். அது நோய்த்தடுப்பு, அவசியம். ஆனால் அதற்கும் மேலே ஒன்று நடந்தது. முஸ்லிம்கள் அதிகம் வாழும் பேகம்பூர்ப் பக்கமிருந்து வருகிறவரிடம் காய் வாங்கலாமா என்று கேட்டவர்களை நான் காதால் கேட்டேன். நோய்க்குப் பேர் வைத்து, பேருக்கு மதம் வைத்து, அதைக் கைபேசியில் சுற்றவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கும்பிடப் போனவனையே குற்றவாளியாக்குவது நமக்குப் புதிதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் காலராவுக்குக் காரணமாக யாத்திரைக் கூட்டங்களைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார்கள். திண்டுக்கல் வழியாகக் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்தவர்களும் அந்தப் பார்வைக்குத் தப்பவில்லை. கூட்டத்தில் நோய் பரவியது உண்மை. சத்திரத்தில் நல்ல தண்ணீர் இல்லாததும் அதே அளவு உண்மை. முதல் உண்மையைச் சொன்ன வேகத்தில் இரண்டாவதைச் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் தங்கியிருந்த வெளிநாட்டு ஜமாஅத்தினர், விசா விதியை மீறியதாகவும் தொற்றைப் பரப்பியதாகவும் வழக்குப் போடப்பட்டு ஏப்ரலில் கைதானார்கள். அந்த ஆண்டு ரமலான் ஏப்ரல் 25-ல் தொடங்கி, பெருநாள் மே 25-ல் வந்தது. அவர்களுக்கு ஒரு முழு ரமலான் காவலுக்குள் கழிந்தது. தெரியாத நாடு, தெரியாத மொழி. வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாது. வெளியே உங்களை நோயின் பெயரால் அழைக்கிறார்கள். சஹர் நேரத்துக்கு எழுந்து, மக்ரிப் வரை பொறுத்து, முப்பது நாள். நம்பிக்கையைக் காத்துக்கொள்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது.

ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்களில் 31 பேருக்கு ஜாமீன் அளித்தார். அவர்கள் போதுமான துன்பத்தை அனுபவித்துவிட்டார்கள் என்று கருதி, நாடு திரும்பவும் வழி செய்தார். ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தது; அவர்கள் பலிகடாக்கள் ஆக்கப்பட்டார்கள் என்று கண்டது. டிசம்பரில் தில்லி நீதிமன்றம் 36 பேரை விடுதலை செய்தது. கைதுச் செய்தி முதல் பக்கத்தில் வந்தது. விடுதலைச் செய்தியைத் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது.

ஹெராத்தில் எட்டு மாதம்

ஊரடங்குக்கு ஐந்தாறு ஆண்டு முன்பே, தமிழ்நாட்டுச் சாமியார் ஒருவர் வேறொரு அடைப்பில் இருந்தார். இயேசு சபையின் அலெக்சிஸ் பிரேம்குமார். சிவகங்கைப் பக்கத்துக்காரர். தமிழ்நாட்டு முகாம்களில் ஈழ அகதிகளோடு வேலை செய்தவர். பிறகு இயேசு சபை அகதிகள் பணியின் பொறுப்பாளராக ஆப்கானிஸ்தான் போனார். 2014 ஜூன் 2 அன்று ஹெராத் அருகே, அகதிகளாக இருந்து ஊர் திரும்பியவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் போன இடத்தில் துப்பாக்கிக்காரர்கள் அவரைக் கடத்திச் சென்றார்கள். விடுதலையானது 2015 பிப்ரவரி 22-ல். எட்டு மாதத்துக்கும் மேல்.

அந்த எட்டு மாதம் அவருக்குக் கோயில் இல்லை, சபை இல்லை, திரையில்கூடப் பூசை இல்லை. இங்கே கிராமக் கோயில்களில் அவருக்காகச் செபமாலை சொன்னார்கள். அது அவருக்குத் தெரிய வழியில்லை. ஊரடங்கின் முதல் வாரங்களில் எனக்கு அவர் ஞாபகம் அடிக்கடி வந்தது. நமக்கு வீடு இருந்தது, அரிசி இருந்தது, பேச ஆள் இருந்தார்கள், எதிர்வீட்டில் குழந்தை அழுவது கேட்டது. அதற்கே நாம் தவித்தோம்.

அவர் ஆப்கானிஸ்தான் போனது யாரையும் மதம் மாற்றுவதற்கு இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவதற்கு. லொம்பார்தியில் கன்னியர் பாட்டிக்குக் கஞ்சி ஊட்டியதும், செஸ்டர் திண்டுக்கல்லில் மருந்து கலக்கியதும் அதே வரிசையில் வருகின்றன. கோயில் மூடியதும் இவர்களின் ஊழியம் நின்றுவிடவில்லை, ஏனென்றால் அது கோயிலுக்குள் மட்டும் இருக்கவில்லை. பூசையைத் திரையில் பார்ப்பதா வேண்டாமா என்று நாம் இங்கே வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில், அவர்கள் காலை ஷிப்டுக்குக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பங்கில் அந்த ஏப்ரல், மே முழுக்க ஒன்று மட்டும் தவறவில்லை. காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மூவேளைச் செபத்துக்கு மணி அடித்தது. வாகனச் சத்தம் இல்லாத அந்த நாட்களில் அந்த மணி ஊருக்கு வெளியே வயல்வரை கேட்டிருக்கும். அம்மா அடுப்பிலிருந்து விலகி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார். பக்கத்து வீட்டு இந்துப் பாட்டியும் வாசலுக்கு வந்து, கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போவார்.

தளர்வு வந்த பிறகு ஒருநாள் கோயிலில் கேட்டேன், யார் அடித்தது என்று. சாமியார் கோயில்பிள்ளையைக் காட்டினார். அறுபதைத் தாண்டியவர். வீடு ஊர்க் கோடியில். தினம் மூன்று வேளையும் போலீஸ் தடுப்பைச் சுற்றிக்கொண்டு, காட்டுப் பாதையில் நடந்து வந்திருக்கிறார். பயமாக இல்லையா என்று கேட்டேன். அவர் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டிக்கொண்டே, “மணி அடிக்கலேன்னா சாமியாரு தனியா இருக்கார்னு நெனச்சுக்குவாருல்ல” என்றார்.